கழற்றச் சொன்ன செருப்பும் கழற்றி ஒளித்த செருப்பும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவருக்குச் செருப்பு மாலை போடுவது குற்றம் என்கிறது பிரிவு 3(1)(டி). அவர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ தடுப்பது குற்றம் என்கிறது பிரிவு 3(1)(இசட்.ஏ.). இரண்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இந்த வடிவத்தைப் பெற்று, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருப்பவை. சட்டம் படிக்கிற தோழர்கள் இந்த வரிகளைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். விடுதலை கிடைத்து 68 ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதர் செருப்புப் போட்டு நடப்பதைத் தடுக்காதீர்கள் என்று நாடாளுமன்றம் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

எழுதியதாலும் தீரவில்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்திலுள்ள ராஜாவூரில், ஆதிக்க சாதியினர் வாழும் ஒரு தெருவில் சுமார் 60 தலித் மக்கள் முதல்முறையாகச் செருப்பு அணிந்து நடந்தார்கள். அமைப்புகள் துணைக்கு வந்த பிறகுதான் அது நடந்தது. சில நூறு மீட்டர் மட்டுமே நீளமுள்ள தெரு என்பதைச் செய்தியில் படித்தபோது நம்மில் பலர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தோம்.

இந்தத் தடையின் பழைய வடிவம் எழுத்தில் கிடைக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் வேட்டி முட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவதாக, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டே தடைகளின் எண்ணிக்கை கூடியது.

இந்தப் பட்டியல் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். ஒரு மனிதன் நூறு அடி தூரத்தில் வரும்போதே அவன் யார் என்று மற்றவன் படித்துவிட வேண்டும்; அதற்காக முடி, முட்டி, இடுப்பு, கால் என்று உடம்பை ஒரு பெயர்ப்பலகையாக மாற்றியிருக்கிறார்கள். குடையையும் செருப்பையும் ஒரே தடையில் சேர்த்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. மேலே இருந்து வருகிற வெயிலும் கீழே இருந்து வருகிற சூடும் இந்த உடம்பைத் தொட்டே ஆக வேண்டும் என்பது அதன் பொருள். சித்திரை மாத இராமநாதபுரத்து மண்ணில், நெருஞ்சிக்கும் கருவேல முள்ளுக்கும் நடுவில், வெறுங்காலோடு ஆடு மேய்த்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெறுங்கால் என்பது அவமானம் மட்டுமாக நின்றதில்லை. கொக்கிப்புழுவின் குஞ்சு மலம் கலந்த ஈரமண்ணில் காத்திருந்து, பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். மூச்சு வாங்கும், கை கால் சோரும். மேலே நிற்கிறவன் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தமிழகத்திலிருந்து கூட்டிப்போன தொழிலாளர்கள், அவர்களில் பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர், வெறுங்காலோடு கொழுந்து பறித்த தோட்டங்கள் அவை. கழிப்பிடம் கட்டுகிற செலவுக்கு முதலாளிகள் முகம் சுளித்தார்கள். மருந்து கொடுத்து முடிப்பது மலிவாக இருந்தது.

இத்தனை நூற்றாண்டுகளாகச் செருப்பைத் தைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டை உரித்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, வெட்டி, குத்தூசியால் துளையிட்டு, வார் வைத்துத் தைத்தவர்கள் இங்கே அருந்ததியர்கள், ஆந்திரத்தில் மாதிகர்கள், வடக்கே சமார்கள். அவர்கள் கைபட்ட பொருள் மற்றவன் காலில் ஏறலாம். அவர்கள் காலிலேயே ஏறக் கூடாது. நம் மொழியிலும் அந்தப் பொருள் வசவாகிவிட்டது. சண்டையில் ஒருவரை மிக இழிவாகப் பேச நினைப்பவருக்கு முதலில் வாயில் வருவது செருப்புதான். அந்த வசவின் எடை தைத்தவர் தலையில்தான் இறங்கியிருக்கிறது.

நாட்டார் கதைகள் இதை வேறு மாதிரி நினைவு வைத்திருக்கின்றன. நெல்லைப் பக்கத்து முத்துப்பட்டன் கதையில், ஒரு பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு அருந்ததியப் பெண்கள் மீது ஆசை கொள்கிறான். அவர்களின் தகப்பன் வாலப்பகடை, குடுமியையும் பூணூலையும் எடுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறான். பட்டன் தைக்கிறான். பின்பு மாடுகளைக் காக்கப் போன சண்டையில் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் மக்கள் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும் என்ற நாட்டில், செருப்பையே ஏற்றுக்கொள்கிற சாமி அவர். அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகள் என்று மாற்றிச் சொல்லும் வடிவமும் ஒன்று உண்டு. யாருக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டுமா என்ன?

காந்தி தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்று, தன்னைச் சிறையில் அடைத்த ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடியைப் பரிசளித்தது பள்ளிப் பாடங்களில்கூட வந்துவிடும். ஒரு மனிதர் விரும்பிச் செய்தால் தவம், பிறப்பால் செய்தால் இழிவு. இந்தக் கணக்கை நாம் வேறொரு நாள் பேசலாம்.

1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோது சொன்னதுதான் இங்கே நமக்கு முக்கியம். நீங்கள் தீண்டத்தகாதவர்கள் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும் உடையையும் கனமான நகைகளையும் விட்டுவிடுங்கள், மற்றப் பெண்கள் கட்டுவதுபோலவே புடவை கட்டுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பெண்கள் அப்போதே கட்டும் முறையை மாற்றத் தொடங்கினார்கள். உடை விஷயம் இவ்வளவு பெரிதா என்று கேட்பவர்கள் இராமநாதபுரத்து எட்டுத் தடைகளைத் திரும்ப வாசிக்கலாம். அடையாளத்தைச் சுமத்தியவனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது; சுமந்தவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஊர் ஊராக நாம் நிறுத்தியிருக்கும் அம்பேத்கர் சிலைகளில் கோட்டும் சூட்டும் ஷூவும் இருப்பதை ஆடம்பரம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த ஷூவைச் சிற்பி மறந்திருந்தால் நம் மக்கள் சிலையைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இதுவரை சொன்னது கழற்றச் சொன்ன செருப்பின் கதை. இன்னொரு செருப்பு இருக்கிறது. அதை அரசு இலவசமாகக் கொடுத்தது, மருத்துவர் கட்டாயம் போடச் சொன்னார், போட்டால் கால் பிழைக்கும். ஆனாலும் வாங்கியவர்கள் பலர் அதைத் தெருமுனையில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அது பிறந்தது நம் வேலூர் பக்கத்தில்.

தொழுநோயால் விரலும் பாதமும் அழுகி உதிரும் என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் உதிர்தல் பற்றிய நம்பிக்கை மாறவில்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போய் நோயாளிகளின் கைகளைக் காட்டினார். அதிலிருந்து தொடங்கிய வேலையில் பிராண்டும் கூட இருந்தவர்களும் கண்டது இதுதான்: சதை தானாக அழுகவில்லை. கிருமி நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. வலி இல்லாத கால் ஆணியின்மேல் நடக்கிறது. இரவில் எலி கடித்தாலும் எழுப்ப ஆளில்லை. உறுப்புகள் போவது காயத்தால்.

காலின் கதை இன்னும் நுணுக்கமானது. நல்ல காலுள்ளவர் பத்துக் கல் நடந்தால், தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொண்டே இருப்பார். குதிகால் நொந்தால் எடையை முன்னே கொண்டுபோவார், லேசாக நொண்டுவார், உட்காருவார். மரத்துப்போன கால் இதைச் செய்யாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை எடை விழுந்து, தோலுக்கு அடியில் சதை நசுங்கி, ஒரு நாள் உள்ளங்காலில் குழியாகப் புண் திறக்கும். அந்தக் காலை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் பெரிய மருந்தில்லாமலே புண் ஆறும். கட்டை அவிழ்த்து வெறுங்காலோடு வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி திறக்கும். (இந்த மாவுக்கட்டு முறையை 1930-களிலேயே கையாண்டவராக இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பாலின் பெயரை மருத்துவ வரலாறு குறிப்பிடுகிறது.) ஆக, கேள்வி அறுவை அரங்கிலிருந்து செருப்புத் தைக்கும் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

1951-இல் வேலூரில் நவஜீவ நிலையமும் 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கின. மரக்கட்டை, மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றைச் செய்து பார்த்துக் கடைசியில் அவர்கள் வந்தடைந்தது நுண்ணிய காற்றறைகள் நிரம்பிய ஒரு ரப்பர். நம்மூரில் அதன் பெயர் எம்.சி.ஆர். பஞ்சுபோல ஒரே வாரத்தில் அமுங்கித் தட்டையாகாது, டயர்போலக் கடினமாகவும் இருக்காது. கடினத்தை அளக்கும் ஷோர் கணக்கில் 15-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். மேலே எம்.சி.ஆர்., கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டவும் தைக்கவும் மட்டும்தான், ஏனென்றால் தேய்ந்த செருப்பில் ஆணி மேலே எழும்பினால் இந்தக் காலுக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் கட்டாயம், ஏனென்றால் சாதாரண செருப்பை நாம் விரலால் கவ்வித்தான் பிடிக்கிறோம், விரல் மடங்கிப்போனவர் காலில் அது நிற்காது.

இந்த விதிகளில் ஒவ்வொன்றும் செருப்புத் தைப்பவரின் அறிவைக் கேட்பது. எந்த இடத்தில் எடை விழுகிறது, எங்கே வார் உரசும், எங்கே தோலைச் சீவி மெலிதாக்க வேண்டும் என்பது குத்தூசி பிடித்த கைக்குத் தெரிந்த விஷயம். மருத்துவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நூறு ஜோடி வெட்டிப் பார்த்து, இது தாங்காது என்று சொன்ன தொழிலாளிகளின் பெயர்களைத் தேடினால் நம் கைக்கு அகப்படுவதில்லை. தோல் தொழிலுக்கே பேர்போன ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எம்.சி.ஆர். வேலை செய்தது. போட்டவர்களின் கால் பிழைத்தது. தேசியத் தொழுநோய்த் திட்டம் அதை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரே அச்சில், பெரும்பாலும் கறுப்பு நிறத்தில், நாடு முழுக்கக் கொடுத்தது. அங்கேதான் சிக்கல். கொஞ்ச காலத்தில் ஊருக்கு அந்தச் செருப்பு அடையாளம் தெரிந்துவிட்டது. தடித்த கறுப்பு அடி, அகல வார், பின்வார். காலைப் பார்த்தாலே நோயைச் சொல்லிவிடலாம். டீக்கடையில் தம்ளர் மாறும், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இது வெறும் பயமாக இருந்ததில்லை, சட்டமே பக்கத்தில் நின்றது. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் வறிய தொழுநோயாளியைப் பிடித்துக் காப்பிடத்தில் அடைக்க வழி செய்தது. உணவு, துணி வெளுப்பு போன்ற தொழில்களிலிருந்து விலக்கியது. அது 2016-இல்தான் நீக்கப்பட்டது. திருமணச் சட்டங்களில் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த வரிகள் 2019 வரை இருந்தன. இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் அந்தச் செருப்பைத் தெருமுனையில் கழற்றிப் பைக்குள் வைக்கிறார் என்றால் அவருக்கு அறிவு இல்லையா, நமக்கா?

மருத்துவக் குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரி எழுதுவார்கள்: நோயாளி ஒத்துழைக்கவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த நம் தாத்தாக்களையும், செருப்பைப் பைக்குள் ஒளித்து அதே தெருவைக் கடந்த இவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குச் செருப்பு இருந்தால் அடி விழும். மற்றவருக்கு அந்தச் செருப்பு இருந்தால் உறவு அறுந்துபோகும். இரண்டு இடத்திலும் கால் வெறுங்காலாகவே நடக்கிறது, புண் அதே இடத்தில் திறக்கிறது.

இருவரும் ஒரே ஆளாக இருந்தால்? ஒரு தலித் கூலித் தொழிலாளிக்குத் தொழுநோய் வந்து கால் மரத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.சி.ஆர். கொடுக்கிறார்கள். வயலுக்குப் போக ஊர்த்தெரு வழி. செருப்போடு போனால் சாதி கேட்கும். அந்தச் செருப்போடு போனால் நோயும் கேட்கும். வயலில் சேற்றுக்குள் எந்தச் செருப்பும் நிற்காது. பண்ணையார் வாசலில் கூலிக்கு நிற்கும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். மாலையில் வீடு வந்தால், வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. கடைசியில் அந்தக் காலில் செருப்பு ஏறியிருக்கும் நேரம் எத்தனை மணி? இதைக் கேட்காமல் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு யாருக்காக எழுதப்பட்டது?

நோயாளியை மையமாக வைத்த பாத மருத்துவம் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நம் மொழியில் அது இவ்வளவுதான்: செருப்பைக் கொடுப்பதற்கு முன் அவருடைய ஒரு நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. எங்கே நடக்கிறார், எங்கே கழற்றுகிறார், யார் முன்னால் கழற்றுகிறார், எந்த நிறம் வேண்டும், கல்யாண வீட்டுக்கு என்ன போட்டுக்கொண்டு போவார். கேட்டவர்களுக்குப் பதிலும் கிடைத்திருக்கிறது. எத்தியோப்பியாவில் 1990-களில் தொழுநோயாளிகளுக்குத் தனிச் செருப்புக்குப் பதிலாகக் கடையில் எல்லோரும் வாங்குகிற கேன்வாஸ் ஷூவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக உருக்குலையாத கால்களுக்கு அது போதுமானதாக இருந்தது, விலை குறைவு, முக்கியமாக மக்கள் கழற்றவில்லை. இங்கேயும் எம்.சி.ஆர். அடியை வைத்துக்கொண்டு மேற்பகுதியை வேறு நிறத்தில், வேறு வடிவத்தில், சந்தைச் செருப்புபோலச் செய்யும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. மிகவும் உருமாறிய காலுக்கு அளவெடுத்துத் தைத்தே தீர வேண்டும். அந்த இடத்தில் நல்ல தையல்காரர் இல்லாமல் மருத்துவரால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாத மருத்துவத்தில் ஒருவர் கீழே உட்கார்ந்து இன்னொருவரின் பாதத்தைத் தன் மடியிலோ கையிலோ வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவக் கற்றுத்தர வேண்டும். யார் யாருடைய காலைத் தொடலாம் என்று மூவாயிரம் ஆண்டாகச் சட்டம் போட்டு வைத்திருக்கும் சமூகத்தில் இது சாதாரண வேலையா? கரிகிரி போன்ற இடங்களில் இதைச் சத்தமில்லாமல் செய்த இயன்முறை மருத்துவர்களையும் கட்டுப்போடும் ஊழியர்களையும் நாம் மதிக்கிறோம். அதே நேரம், பல மருத்துவமனைகளில் இந்த வேலை படிநிலையில் கடைசியில் இருப்பவர் தலையிலேயே விழுகிறது என்பதும், அவர் பெரும்பாலும் யாராக இருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியும்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயாளிகளின் காலில் கற்ற பாடம் அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் காலுக்குப் போனது. இரண்டிலும் மரத்துப்போகும் நரம்பு, இரண்டிலும் தெரியாமல் விழும் காயம். மாவுக்கட்டு, நைலான் நரம்புச் சோதனை, அழுத்தத்தைப் பரப்பும் செருப்பு எல்லாம் உலகம் முழுக்கச் சர்க்கரை மருத்துவத்தில் பாடமாகின. சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்விலும், எம்.சி.ஆர். போன்ற மெத்தையடிச் செருப்பு அணிந்தவர்களுக்குப் புதுப் புண்கள் மிகக் குறைவாகவே வந்தன. கடினமான அட்டைவைத்த செருப்பு அணிந்தவர்களுக்கு அதிகமாக வந்தன.

இன்று எந்த ஊர் கடைத்தெருவிலும் எம்.சி.ஆர். செருப்பு தொங்குகிறது. குதிகால் வலிக்கு நல்லது, சுகர்காரர்களுக்கு நல்லது என்று கடைக்காரர் எடுத்துப் போடுகிறார். பழுப்பு, நீலம், பூப்போட்டது எல்லாம் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காலையில் நடைப்பயிற்சிக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரப்பர் அதேதான். வசதியுள்ளவரின் நோய் என்று பெயர் மாறியதும் அந்த ரப்பருக்குப் பத்து நிறம் கிடைத்துவிட்டது. அதை முதலில் தன் புண்ணால் சோதித்துக் கொடுத்தவருக்குக் கறுப்பு ஒன்றுதான் கிடைத்தது.

2005 டிசம்பரில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சனை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக இந்தியா கணக்குக் காட்டியது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்தக் கணக்கு. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். மருந்து கிருமியைக் கொல்லும், செத்த நரம்பைத் திருப்பித் தராது. நோய் குணமானவருக்கும் சாகும்வரை செருப்பு வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களை அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தை வைத்துச் செருப்பின் தரத்தையும் நிறத்தையும் கேட்டு ஒரு மனுப் போட்ட அமைப்பு நம் பக்கத்தில் எத்தனை?

தூய்மைப் பணியாளர்களின் கால்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது, கம்பூட்ஸும் இருக்கிறது. கிடைக்கிற இடத்திலும் அது பெரும்பாலும் ஆண்களின் அளவு. ஐந்தாம் எண் கால்கொண்ட அக்கா எட்டாம் எண் பூட்ஸில் நாள் முழுக்க நடந்தால் கொப்புளம்தான் வரும். கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு குப்பை அள்ளினால், அதிகாரி சொல்லும் வாக்கியம் நமக்கு ஏற்கெனவே அறிமுகமானது: கொடுத்தோம், அவர்கள்தான் போடவில்லை.

ஆகவே தோழர்கள் அடுத்து ஏதாவது ஒரு கிராமத்துக்கு ஆய்வுக்குப் போகும்போது, இரட்டைக் குவளை, சுடுகாடு, கோயில் என்று கேட்கிற கேள்விகளோடு கால்களையும் கேளுங்கள். எந்தத் தெருவில் கழற்றுகிறார்கள் என்பது வன்கொடுமைச் சட்டத்துக்கான சாட்சியம், தேதியோடும் தெருப் பெயரோடும் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்குக் கால் மரத்திருக்கிறது, சுகாதார நிலையத்தில் செருப்பு கடைசியாக எப்போது வந்தது, எத்தனை அளவில் வந்தது, அளவெடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். அந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் செருப்புத் தைக்கும் அண்ணனைக் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. ஆணி துருத்துவதை அவர் கைவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார், பின்வார் ஒன்று வைத்துத் தரச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து தைத்துத் தந்துவிடுவார். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஏப்ரல் 14-க்கு நாம் வழக்கமாக நடத்தும் மருத்துவ முகாமில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு ஒரு மூலையில் பாதத்துக்கும் இடம் ஒதுக்கலாம். இரண்டு நாற்காலி, ஒரு அகலமான பேசின், நைலான் நரம்பு, நல்ல வெளிச்சம், கீழே உட்காரக் கூச்சப்படாத இரண்டு மாணவர்கள் இருந்தால் போதும். முகாமின் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று பலகை வைத்திருப்பார்கள், அதை முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.